நூற்றெட்டுக் கண்ணி

மாசி 3, சனி

எம்பெருமான் திருவருளால் இன்று ஒரு புதுமை கண்டேன். ஏற்காட்டு அடிவாரத்தில், முதல் கொண்டை ஊசி வளைவுக்குச் சற்றுக் கீழே, டாக்டர் கிறிஸ்டில்டா தம் மிதிவண்டியை என்னிடம் நீட்டி, "ஒரு தடவை மிதிச்சுப் பாத்துட்டு வாங்க புரொபசர். அப்புறம் சண்டை போடலாம்" என்றார். மிதித்தேன். அறுபத்தாறு வயதில், தமிழ்ப் பேராசிரியனாக ஓய்வுபெற்ற ஒருவன், செங்குத்தான சாலையில் பாசுரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினான் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு முழுப் பாசுரம்! மூச்சு இடையில் அறவில்லை.

திரும்பி வந்து இறங்கியதும், "இதில் என்ன மாயம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"மாயமெல்லாம் இல்ல. பல்லு. நாள் பூரா ஊர்ப் பல்லைப் பாக்கறேன், ஞாயித்துக்கிழமை வந்தா வண்டிப் பல்லைப் பாக்கறேன்."

டாக்டர் அஸ்தம்பட்டியில் பல் மருத்துவமனை நடத்துபவர். எங்கள் மிதிவண்டிக் குழுவில் மலையேற்றத்தில் முதல்வர். அவர் சொன்னதைக் குறித்துவைக்கிறேன். மிதிக்கட்டையோடு சுழலும் முன்வட்டுகள் இரண்டு. என்னுடையவற்றில் ஐம்பது பல்லும் முப்பத்து நான்கு பல்லும். அவருடையவற்றில் நாற்பத்தாறும் முப்பதும். பின்சக்கரத்தில் அடுக்கடுக்காகப் பதினொரு வட்டுகள். அந்த அடுக்குக்குக் கேசட் என்று பெயர். அதில் ஆகப் பெரிய வட்டு எனக்கு இருபத்தெட்டுப் பல், அவருக்கு முப்பத்து நான்கு. முன்னே பல் குறையவும் பின்னே பல் கூடவும் மலை தாழ்ந்து வருகிறது.

இவ்வளவு ஆவல் எனக்கு ஏன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் இல்லாள் செங்கமலத்தின் இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது. பங்குனி பத்தாம் தேதி கோவையில் அறுவைச் சிகிச்சை. அதற்கு முன்பாக, மலையுச்சிக் குகையில் எழுந்தருளியிருக்கும் சேர்வராயப் பெருமாளை மிதிவண்டியிலேயே போய்ச் சேவிப்பதாகவும், அடிவாரத்திலிருந்து சந்நிதிவரை கால் தரையில் படாமல் ஏறுவதாகவும் பிரார்த்தித்துக்கொண்டிருக்கிறேன். வால்வு மாற்றுவது இக்காலத்தில் சாதாரணச் சிகிச்சை என்று கோவை மருத்துவர் கூறினார். ஆகவே அதுபற்றி இங்கே எழுத வேறொன்றும் இல்லை.

மாசி 4, ஞாயிறு

மாலை முழுவதும் கணக்கு. மேசையில் கிடந்த ஒரு தாளின் பின்புறம் வெறுமையாக இருந்தது, அதில் போட்டேன்.

முன்னே முப்பத்து நான்கு, பின்னே இருபத்தெட்டு: மிதிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி இரண்டரை மீட்டருக்குச் சற்று மேலே நகர்கிறது. முன்னும் பின்னும் முப்பத்து நான்கே என்றால் சுற்றுக்குச் சுற்று. சக்கரத்தின் சுற்றளவு எதுவோ அதுவே நடை, ஏறத்தாழ இரண்டு மீட்டர். டாக்டரின் வண்டியில் அதனினும் குறைவு. வேகம் ஒன்றேதான். நான் மூன்று முறை அழுந்த மிதிக்கும் தொலைவை அவர் நான்கு முறைக்கும் மேலாக மெல்ல மிதிக்கிறார். நெடிலாக நிறுத்தி நிறுத்திச் சொல்லும் அடியைக் குறில்களால் ஓடவிடுவது போன்றது இது. பொருள் ஒன்று; தொடை நோவது வேறு!

இதை வெண்பாவாக்க முயன்றேன். ஈற்றடி அமையவில்லை.

செங்கமலம் காப்பி கொண்டுவந்தாள். மாடிப்படியின் நடுவில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவளுக்கு விசேஷ நாள்களைத் தேடிவைக்கும் பழக்கம் உண்டு.

மாசி 7, புதன், ஏகாதசி

வீட்டில் இன்று ஒரு வித்வத்சபையே நடந்தது.

கேசட்டை மாற்றலாமா என்ற என் ஐயத்தைச் செங்கமலத்திடம் சொன்னேன். "பிரார்த்தனை என்றால் உடம்பு வருந்த வேண்டாமா? சிரமம் குறைய வேண்டும் என்று பல்லைக் கூட்டிக்கொண்டால், அது பெருமாளிடம் சலுகை கேட்பது ஆகாதா?"

அவள் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "ஏன்னா, நீங்க வடகலைங்கறது கால்ல கூடத் தெரியறதே."

அவள் பிறந்த அகம் தென்கலை. முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்த வழக்கு எங்கள் அடுக்களையில் நடக்கிறது. எங்கள் ஆசாரியர்கள், குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்வதுபோல் சீவன் தன் பங்கு முயற்சியைச் செய்ய வேண்டும் என்பார்கள். அவர்களுடைய ஆசாரியர்களோ பூனைக் குட்டியைக் காட்டுவார்கள். குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாயே வந்து வாயால் கவ்வித் தூக்கிப் போகும்.

"பூனைக்குட்டி எந்தக் கியர்ல போச்சாம்?" என்றாள்.

"பெருமாள் வந்து சைக்கிளோடு தூக்குவார் என்று நான் அடிவாரத்தில் உட்கார்ந்திருக்க முடியுமா?"

"உக்காருங்கோளேன். முழங்காலாவது மிஞ்சும்." பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "சரி, ஒண்ணு கேக்கறேன். உங்க கால் தரையில பட்டுடுத்துன்னா, என் வால்வு கோச்சுக்குமோ?"

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை. உடனே பின்கட்டுக்குப் போய்ச் செயினைத் துடைத்து எண்ணெய் இட்டேன். ஏற்கெனவே நேற்று இட்டிருந்தேன்.

முடிவு: இருபத்தெட்டே இருக்கட்டும். சலுகை வேண்டாம்.

மாசி 10, சனி

ஆறாவது வளைவுவரை பயிற்சி. அபாரம்!

மாசி 17, சனி

ஒன்பதாவது வளைவு. குரங்குகள் வரிசையாக மதில்மேல் அமர்ந்து என்னைப் பார்த்தன. குட்டிகள் தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டிருந்தன. எங்கள் கட்சிக்குச் சாட்சி என்று செங்கமலத்திடம் சொன்னேன். "அதுகள் சைக்கிள் விடலையே" என்றாள்.

மாசி 22, வியாழன், ஏகாதசி

உபவாசம். நாளை விடியலில் பாரணையால் விரதம் முடித்துப் புறப்பாடு. நெஞ்சு துள்ளுகிறது! டயரில் காற்று, பையில் கற்கண்டு, தண்ணீர்க் குடுவை இரண்டு, பெருமாளுக்குத் துளசி மாலை. உபவாசம் என்று கேள்விப்பட்டதும் டாக்டர் தொலைபேசியில் ஒரு பாட்டம் கத்தினார். "வெறும் வயித்தோட மலை ஏறப் போறேன்னு சொல்ற ஒரே சைக்கிளிஸ்ட் நீங்கதான். எங்க பாஸ்டர்கூட சாப்பிட்டுட்டுத்தான் ஜெபம் பண்றாரு." துவாதசிக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் உண்டு என்றேன். "கீரையா? கீரையா!" என்று இருமுறை கேட்டு வைத்துவிட்டார்.

மாசி 23, வெள்ளி, துவாதசி

வானம் தெளிவு. வண்டி நலம். எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

மாசி 24, சனி

டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து செங்கமலத்தின் கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அவளிடம் பேசினார்.

"மேடம், பதினாலாவது வளைவுல நேத்து ஒரு பெரியவர் சைக்கிளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாராம். பஸ் டிரைவர் இறங்கி, 'ஐயா, ஏத்திக்கவா'ன்னு கேட்டாராம். கண்ணுல தண்ணியாம். உங்களுக்கு யாராவது தெரியுமா?"

"தூசி" என்றேன்.

"கால் பட்டுதா?" என்றாள் செங்கமலம்.

நேற்று நடந்தது வெள்ளோட்டம் என்றும், தேர்த் திருவிழாவுக்குமுன் தேரை இழுத்துப் பார்ப்பதில்லையா என்றும், ஆகையால் பிரார்த்தனை இன்னும் தொடங்கவே இல்லை என்றும் விளக்கினேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெள்ளோட்டமே ஆகட்டும் புரொபசர். உங்க தொடை இருபத்தெட்டுல ஒரு நிமிஷத்துக்கு நாப்பது சுத்துதான் சுத்துது. அது மலை ஏறுறது இல்ல, மாவாட்டுறது. முப்பத்து நாலு போட்டுக்கோங்க. பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு. நான் வேணா எங்க ஆளுகிட்டயும் சொல்லி வைக்கிறேன்."

செங்கமலம் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

நான் உடனே ஒப்புக்கொண்டேன்.

மாசி 26, திங்கள்

என்ன நாள் இது! கை முழுக்கக் கிரீசுடன் எழுதுகிறேன்.

டாக்டரின் கார் ஷெட்டில் ஒரு பட்டறையே இருக்கிறது. வழிகள் மூன்றையும் அவர் பரப்பி வைத்தார். முதலாவது, அவருடையதைப் போல நாற்பத்தாறும் முப்பதும் கொண்ட புது முன்வட்டு. மலைக்கு அமிர்தம், ஆனால் மிதிக்கட்டைத் தண்டு முழுவதையும் மாற்ற வேண்டும். சமவெளியில் கால் காற்றில் சுழல்வதுபோல் இருக்கும். இரண்டாவது, பழைய டிரெய்லியரை வைத்துக்கொண்டு அதைத் தாங்கும் கொக்கியை மட்டும் ஓர் ஒட்டுத் துண்டால் நீட்டுவது. மூன்றாவது, புதுக் கேசட்டும் அதற்கேற்ற நீளக்கை டிரெய்லியரும். டிரெய்லியர் என்பது பின்சக்கரத்தருகே தொங்கி, செயினை ஒரு வட்டிலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கை. பெரிய வட்டுக்கு அந்தக் கை நீளமாக இருந்தாக வேண்டும். ஒட்டு வேலை என் மனத்துக்கு ஒவ்வாது. மூன்றாவதையே கொண்டோம்.

பழைய கேசட்டைக் கழற்றி, பின்சக்கரத்தை வெறுமனே சுழலவிட்டார் டாக்டர். டிக், டிக், டிக் என்று அச்சிலிருக்கும் ஃப்ரீவீல் பாடியது.

"இந்தச் சத்தம் எப்ப வரும் தெரியுமா?"

"சக்கரம் சுழலும்போது."

"தப்பு. நீங்க மிதிக்கும்போது வராது. மிதிக்கிறதை விட்டுட்டு சும்மா உருளும்போதுதான் வரும்."

ஐந்தாண்டுகளாகக் கேட்டிருந்தும் இதை நான் கவனித்ததில்லை.

பிறகுதான் அந்த அற்புதம். செயினைக் கழற்றித் துடைக்கும்போது, பழக்கத்தால், கண்ணிகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிக்கொண்டே திவ்ய தேசங்களின் பெயர்களைச் சொல்லிவந்தேன். திருவரங்கத்தில் தொடங்கினேன். கடைசிப் பெயரும் கடைசிக் கண்ணியும் ஒன்றாக முடிந்தன. நூற்றெட்டு! மீண்டும் எண்ணினேன். நூற்றெட்டேதான்! இத்தனை காலம் ஜபமாலையை மிதித்துக்கொண்டிருந்தேன் என்பதை உணராமலே மிதித்திருக்கிறேன். அதிலும் இரு முனைகளையும் பூட்டும் சிறு கண்ணிகள் எங்கே அமைகின்றன என்று பார்த்தால், நிலவுலகில் இல்லாத கடைசி இரண்டில், திருப்பாற்கடலிலும் பரமபதத்திலும்! மயிர்க்கூச்செறிந்தது.

டாக்டர் அதற்குள் ஒரு சிறு துண்டுச் செயினை எடுத்துவந்தார். "பின்னாடி பல்லு கூடிருச்சுல்ல. செயின் பத்தாது. நாலு கண்ணி சேக்கணும்."

"கூடவே கூடாது" என்றேன்.

"என்ன கூடாது?"

"நூற்றெட்டு நூற்றெட்டாகவே இருக்கட்டும்."

அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு விளக்கினார். முன்னே பெரிய வட்டிலும் பின்னே பெரிய வட்டிலும் ஒரே நேரத்தில் செயின் ஏறினால் இழுத்துக்கட்டிய கம்பிபோல் விறைத்துவிடும். ஏதாவது ஒன்று முறியும். நான் பதிலுக்கு, மலையில் நான் சிறிய முன்வட்டை விட்டு அகலப்போவதே இல்லை, சிறியதும் பெரியதும் சேர்ந்தால் இந்த நீளம் தாராளம் என்று கணக்குக் காட்டினேன். கணக்கில் பிழை இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

"கணக்கு சரிதான் புரொபசர். மறந்து போட்டுட்டா?"

"நாற்பதாண்டு பாடம் நடத்தியவன். ஒரு விதியை நினைவில் வைக்க மாட்டேனா?"

"என் பேஷன்ட்டுங்களும் இப்படித்தான். இனிமே ஸ்வீட்டே தொடமாட்டேன்பாங்க."

வீட்டுக்கு வந்து செங்கமலத்திடம் மூச்சுவிடாமல் சொன்னேன். கடைசி இரண்டு கண்ணிகளின் பெருமையையும் சொன்னேன். அவள் என் கையிலிருந்த கிரீசைத் தேங்காய் எண்ணெயால் துடைத்துவிட்டபடி, "நூத்தாறு நாம சேர்ந்து சேவிக்கலாம். கடைசி ரெண்டுக்கு இப்பவே என்னன்னா அவசரம்?" என்றாள்.

நான் சோப்பு எங்கே என்று கேட்டேன்.

மாசி 28, புதன்

பன்னிரண்டாவது வளைவு! ஒரு பாசுரம் முழுவதும், மூச்சறாமல்! முப்பத்து நான்கு பல்லுக்குப் பல்லாண்டு!

பங்குனி 1, சனி

ஞாயிறு புறப்பாடு. எல்லாம் ஆயத்தம்.

கோவைக்குப் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த செங்கமலம், "ஏன்னா, கோவை டாக்டர் குடுத்த தாள் ஒண்ணு உங்க மேஜைல இருந்ததே. ரெண்டு வால்வையும் பக்கத்துல பக்கத்துல போட்டு எழுதியிருக்குமே, அது எங்க?" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். பின்புறம் முழுவதும் என் பல் கணக்கு. முன்புறத்தை அப்போதுதான் பார்த்தேன். ஒரு பக்கம் உலோக வால்வு, மறுபக்கம் திசு வால்வு. எது எத்தனை ஆண்டு உழைக்கும், எதற்கு என்ன மாத்திரை, எதில் என்ன இடர் என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார்கள். ஒரு மாதமாக என் முழங்கைக்குக் கீழே இருந்திருக்கிறது.

"நீ என்ன தீர்மானித்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"போன வாரமே சொல்லிட்டேன். உலோகம். திசுன்னா பத்துப் பதினஞ்சு வருஷத்துல மறுபடியும் திறக்கணுமாம். ஒரு தடவை போறும். இதுல ஆயுசுக்கும் மாத்திரை உண்டு, கீரை அளவாத்தான் சாப்பிடணும். துவாதசிக்கு உங்களுக்கு மட்டும் அகத்தி." சற்றுப் பொறுத்து, "சத்தம் வேற வருமாம். பக்கத்துல படுக்கறவாளுக்குக் கேக்குமாம். பரவாயில்லையோன்னோ?" என்றாள்.

பரவாயில்லை என்றேன். என் பல் கணக்கும் கூடவே இருக்கட்டும் என்று அவள் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

நாளை நல்ல வானிலை என்று செய்தியில் சொன்னார்கள்.

பங்குனி 2, ஞாயிறு

உள்ளது உள்ளபடி எழுத முயல்கிறேன்.

விடியலில் எங்கள் ஊர்க் கோட்டைப் பெருமாளைச் சேவித்துவிட்டு அடிவாரம் சேர்ந்தேன். அங்கே ஒரு காலை ஊன்றி, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிதிக்கட்டையில் ஏற்றினேன். இனி அது சந்நிதியில்தான் இறங்கும்.

முதல் வளைவு, மூன்றாவது, ஏழாவது... நான் ஏறினேன் என்று சொல்ல நா கூசுகிறது. சாலை தானே பின்னால் நழுவிற்று. முப்பத்து நான்குக்கு முப்பத்து நான்கு. கால் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. வாயில் ஒரு சீர். மிளகுக்கொடி ஏறிய மரங்களின் ஊடே வெயில் காசுகாசாய் விழுந்தது. பதினான்காவது வளைவில், அன்று நின்ற இடத்தில், வேண்டுமென்றே அகன்று வளைந்து அந்த மதிற்கல்லுக்கு ஒரு வணக்கம் வைத்தேன். எதிரே இறங்கிய பேருந்தின் ஓட்டுநர் ஒலிப்பானை நீள அழுத்திக் கையசைத்தார். அதே மனிதரோ என்னவோ! இருபதாவது வளைவைத் தாண்டியபோது கூவியேவிட்டேன். என்ன கூவினேன் என்று தெரியாது. தமிழ்தான்.

ஏரியைக் கடந்தேன். அதற்குமேல் சாலை சற்றே இறங்கியும் சமனாகவும் ஓடுகிறது. காபித் தோட்டங்கள் பூத்து மணத்தன. கால்கள் இளமை கண்டுவிட்டன. சிறிய வட்டு காற்றில் சுழல்வதுபோல் இருந்தது. முன்னே பெரிய வட்டுக்கு ஏற்றினேன். ஆம், ஏற்றினேன். பாவம் என்ன, சமவெளிதானே! வண்டி அம்பாகப் பறந்தது.

சேர்வராயன் கோயிலுக்குத் திரும்பும் கடைசி ஏற்றத்தில், சில்வர் ஓக் மரத்தடியில் டாக்டரின் கார் நின்றது. காரின்மேல் சாய்ந்தபடி, மாம்பழ நிறப் புடவையில், ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, செங்கமலம்.

அவள் வருவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவளைக் கண்டதும் என்ன செய்தேன் என்று பிறகு ஒழுங்குபடுத்திப் பார்த்தேன். ஏற்றம் செங்குத்து, கால் கனத்தது. இடக்கை முன்வட்டை இறக்கியிருக்க வேண்டும். நானோ அவளையே பார்த்துக்கொண்டு வலக்கையால் பின்வட்டைத் தள்ளினேன், தள்ளினேன், கடைசிவரை தள்ளினேன். முன்னே ஐம்பது, பின்னே முப்பத்து நான்கு. செயின் நரம்பாக விறைத்தது. மரக்கிளை முறிவதுபோல் ஓர் ஓசை. புது டிரெய்லியர் ஆரங்களுக்குள் சுருண்டு ஏறியது. சக்கரம் இறுகி நின்றது. அறுந்த செயின் பாம்பாய்ச் சாலையில் விழுந்தது.

என் இடக்கால் தரையில் இருந்தது.

அதை எடுத்து மீண்டும் மேலே வைத்தேன். வண்டி சாய்ந்தது. மறுபடியும் தரை. கோபுரம் இல்லாத அந்த எளிய குகைக்குன்று எதிரிலேயே தெரிந்தது. ஒரு பாசுரத் தொலைவு இருக்கலாம்.

டாக்டர் ஓடிவந்தார். நூற்றெட்டைப் பற்றி அவர் சொல்வதற்கு எவ்வளவோ இருந்திருக்கும். வண்டியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

செங்கமலத்துக்கு ஏற்றத்தில் நடக்க அனுமதி இல்லை. ஆயினும் காரைவிட்டு நான்கைந்து அடி வந்தாள். நான்தான் அவளிடம் போனேன். "பட்டுவிட்டது" என்றேன். அதற்குமேல் என் தொண்டையிலிருந்து எழுந்தது பேச்சு அன்று. இந்த ஒரு மாதத்தில், ஒருவேளை அதற்கு முன்னும், நான் அவளிடம் சொல்லாதது அத்தனையும் நடுச்சாலையில், டாக்டரும் ஒரு சுற்றுலா வேன் நிறைய ஆட்களும் பார்க்க, வெளியே வந்தது. "நீ போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது" என்று சொன்னேன். உரக்கச் சொல்லியிருக்கிறேன், வேன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அப்பாடா. இதச் சொல்லறதுக்கு இத்தனை பல்லு வேண்டியிருந்ததாக்கும்." பிறகு மெதுவாக: "ஏன்னா, குட்டி தரையில நின்னாத்தானே பூனை வந்து தூக்க முடியும்? நீங்க காலத் தூக்கிண்டே இருந்தா அது எங்கேன்னு கவ்வும்?"

முப்பத்தைந்து ஆண்டு வழக்கில் முதன்முறையாகத் தலையாட்டினேன்.

"கார்ல ஏறுங்கோ."

"பிரார்த்தனை..."

"பூனை வாய்ல இருக்கறச்சே குட்டி வாதம் பண்ணுமோ? ஏறுங்கோன்னா."

ஏறினேன். டாக்டர் கிறிஸ்டில்டா முதல் கியரில் உறுமி உறுமி ஏற்றத்தில் கொண்டுபோய்ச் சந்நிதி வாயிலில் இறக்கினார். குகை வாயில் தாழ்வு. மூவரும் குனிந்தே நுழைந்தோம். உள்ளே என்ன வேண்டிக்கொண்டேன் என்பது நினைவில் இல்லை. துளசி மாலை வாடாமல் இருந்தது.

வெளியே வந்ததும் டாக்டர் முறிந்த டிரெய்லியரைக் கழற்றி எறிந்தார். "செயின் இல்லாட்டியும் வண்டி இறங்கும். பிரேக் இருக்கு. எப்படி வர்றீங்க, கார்லயா?"

நான் செங்கமலத்தைப் பார்த்தேன். "போங்கோ. நாங்க பின்னாலேயே வரோம்" என்றாள்.

ஏரிவரையுள்ள மேடுகளில் வண்டி கார்மேல் வந்தது. அங்கிருந்து இறங்கினேன். செயினே இல்லாத மிதிவண்டியில், இருபது வளைவுகளும். மிதிக்கவோ தள்ளவோ ஒன்றும் இல்லை. டிக், டிக், டிக் என்று ஃப்ரீவீல் அடிவாரம்வரை பாடிக்கொண்டே வந்தது; பின்னால் அவர்களுடைய கார். என் ஆயுளில் இவ்வளவு மகிழ்ச்சியாக ஒரு சாலையில் நான் சென்றதில்லை.

பங்குனி 3, திங்கள்

டாக்டர் சாலையிலிருந்து பொறுக்கிய செயின் துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். எத்தனை கண்ணி என்று எண்ணவில்லை.

பங்குனி 8, சனி

கோவை. மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. இன்று அந்தத் தாளின் முன்புறத்தை முழுவதும் படித்தேன். புரியாதவற்றைச் செவிலியரிடம் கேட்டேன். உலோகத்துக்கே என் வாக்கும்.

பங்குனி 10, திங்கள்

அவளை உருட்டுக் கட்டிலில் உள்ளே கொண்டுபோனபோது, "இப்ப நான் மிதிக்கல, கேட்டேளா? சும்மா உருண்டுண்டு போறேன்" என்றாள். கதவு மூடியது. இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தேன்.

பங்குனி 14, வெள்ளி

இன்று தனியறைக்கு மாற்றினார்கள். மதியம் அறையில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள், குளிர்கிறதாம். நிறுத்தினேன். அவள் அயர்ந்து உறங்கினாள். அறை அமைதியானது.

அப்போது கேட்டது. முதலில் என் கைக்கடிகாரம் என்று நினைத்துக் கழற்றி மேசையில் வைத்தேன். நிற்கவில்லை. அவள் பக்கம் குனிந்தேன்.

டிக், டிக், டிக்.

அறியாத பாடலா அது? செயினில்லாத வண்டியில் மலை இறங்கியபோது என் காலடியில் கேட்ட அதே ஓசை.

டாக்டர் கிறிஸ்டில்டாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, "நூத்துப் பன்னெண்டு கண்ணியில புதுச் செயின் வாங்கி வச்சிருக்கேன் புரொபசர். மேடம் வந்ததும் மாட்டலாம்" என்றார்.

மாட்டலாம் என்றேன். அதுவரை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.